சென்னை விமான நிலையம் போக, வர: பல்லாவரத்து வீட்டுக்கு வரும் கேள்விகள்

எங்கள் வீடு பல்லாவரத்தில். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது விமானத்தின் அடிவயிற்றில் எழுதியிருப்பதைக்கூடப் படிக்கலாம். இந்த ஒரு தகுதியை வைத்தே சொந்தத்தில் எனக்கு "ஏர்போர்ட் அக்கா" என்று பெயர் வைத்துவிட்டார்கள். யார் விமானம் ஏறினாலும் இறங்கினாலும் முதல் போன் எனக்குத்தான். கேட்பதும் மாறி மாறி அதே கேள்விகள். அவரவர் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, பதிலையும் போட்டிருக்கிறேன். கட்டணங்கள் இதை எழுதும்போது உள்ளவை.

ஏர்போர்ட் மீனம்பாக்கத்துல இருக்கா, திரிசூலத்துலயா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்களே அக்கா.

இரண்டும் ஒன்றுதான். ஊர் பேச்சில் மீனம்பாக்கம் ஏர்போர்ட். ஆனால் இன்று பயணிகள் ஏறி இறங்கும் கட்டடங்கள் தாம்பரம் போகும் ஜிஎஸ்டி சாலையில் திரிசூலம் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கின்றன. டிக்கெட்டில் போட்டிருக்கும் எம்ஏஏ என்ற மூன்று எழுத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அது மெட்ராஸ் காலத்துச் சுருக்கம். ஊர் பெயர் மாறியும் அது மாறவில்லை.

பெயரில் ஒரு பொறி உண்டு. மெட்ரோவில் "மீனம்பாக்கம்" என்று தனியாக ஒரு நிலையம் இருக்கிறது. அங்கே இறங்கக் கூடாது. அதற்கடுத்து, கடைசியாக வருவதுதான் "விமான நிலையம்". மின்சார ரயிலிலும் அப்படியே: மீனம்பாக்கம் வேண்டாம், திரிசூலம். எங்கள் பெரியப்பா ஒருவர் ஏர்போர்ட் பெயரை நம்பி மீனம்பாக்கம் மெட்ரோவில் இறங்கி, இரண்டு பெட்டியோடு ஜிஎஸ்டி சாலை ஓரமாக நடந்தே வந்தார். விமானம் கிடைத்துவிட்டது. கோபம்தான் இன்னும் ஆறவில்லை.

டிக்கெட்டுல டி-1, டி-4ன்னு போட்டிருக்கு. நடுவுல டி-3 எங்க போச்சு?

டி-1 உள்நாட்டு முனையம். டி-2 பன்னாட்டு முனையம். 2023 ஏப்ரல் 8 அன்று திறந்தார்களே, கோலமும் கோயிலும் போல அலங்காரம் செய்த புதுக் கட்டடம், அதுதான். டி-4 முன்பு பன்னாட்டு முனையமாக இருந்தது. புதியது வந்த பிறகு, 2023 நவம்பரிலிருந்து அதையும் உள்நாட்டு விமானங்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். டி-3 பழைய பன்னாட்டுக் கட்டடம். டி-2வின் அடுத்த கட்டம் அந்த இடத்தில் எழும்புவதாகத் திட்டம் என்பதால் பயணிகளுக்கு இப்போது டி-3 கிடையாது.

சிக்கல் என்னவென்றால், டாக்சி ஓட்டுநர் "டொமஸ்டிக்கா, இன்டர்நேஷனலா?" என்றுதான் கேட்பார். நீங்கள் "டொமஸ்டிக்" என்றால் டி-1 வாசலில் விட்டுவிடுவார். உங்கள் விமானம் டி-4இல் இருந்தால் பெட்டியை இழுத்துக்கொண்டு பன்னாட்டு முனையத்தைத் தாண்டி மறு கோடிக்கு நடக்க வேண்டும். அதனால் எண்ணைச் சொல்லுங்கள். எந்த நிறுவனம் எந்த முனையம் என்பது அவ்வப்போது மாறும். போன தடவை ஏறிய இடத்தை நினைவில் வைத்துப் போகாமல், கிளம்பும் நாள் காலையில் டிக்கெட்டை ஒருமுறை பாருங்கள்.

எத்தனை மணி நேரம் முன்னாடி வரணும்? மூணு மணி நேரம்னு சொல்றது சும்மா பயமுறுத்தத்தானே?

உள்நாட்டுக்கு இரண்டு மணி நேரம், வெளிநாட்டுக்கு மூன்று மணி நேரம் முன்பு. இது முனையத்தின் வாசலில் நிற்க வேண்டிய நேரம், வீட்டிலிருந்து கிளம்பும் நேரம் அல்ல. நம் ஆட்கள் தவறுவது இந்த இடத்தில்தான். பெட்டி போடும் கவுண்டரைப் பொதுவாக விமானம் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போதே மூடிவிடுவார்கள். போர்டிங் கேட் சுமார் 25 நிமிடம் முன்பு அடைபடும். அதற்குப் பிறகு விமானம் கண்ணெதிரே நின்றாலும் ஏற முடியாது.

உள்நாட்டுக்குக் கைப்பை மட்டும் வைத்துக்கொண்டு, இணையத்திலேயே செக்-இன் செய்துவிட்டு வருகிறவர்களுக்கு ஒன்றரை மணி நேரம் போதும் என்பது என் அனுபவம். வெளிநாட்டுக்கு மூன்று மணி நேரத்தைக் குறைக்கவே குறைக்காதீர்கள். வளைகுடா விமானங்களும் சிங்கப்பூர், மலேசியா விமானங்களும் நள்ளிரவை ஒட்டி அடுத்தடுத்துக் கிளம்பும். குடிநுழைவு (இமிகிரேஷன்) வரிசை அப்போது திருப்பதி க்யூ மாதிரி வளைந்து நிற்கும்.

உள்ளே போனபின் ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். பஸ் ஸ்டாண்டு போல எல்லா வண்டிக்கும் அறிவிப்பு வராது. திரையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். கேட் எண் கடைசி நேரத்தில் மாறுவதும் உண்டு.

மெட்ரோவுல வந்தா நிம்மதியா? பெட்டியெல்லாம் விடுவாங்களா?

நகரத்துக்குள்ளிருந்து வருபவர்களுக்கு என் முதல் பரிந்துரை மெட்ரோதான். நீல வழித்தடம் விம்கோ நகரில் தொடங்கி, வண்ணாரப்பேட்டை, சென்ட்ரல், எல்ஐசி, தேனாம்பேட்டை, சைதாப்பேட்டை, கிண்டி, ஆலந்தூர் வழியாக விமான நிலையத்தில் முடிகிறது. சென்ட்ரலிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடலாம், கட்டணம் 40 ரூபாய். பயண அட்டையோ கியூஆர் டிக்கெட்டோ எடுத்தால் இருபது சதவீதம் தள்ளுபடி. மாலை ஆறு மணிக்குக் கத்திப்பாராவில் டாக்சிக்குள் உட்கார்ந்து நகத்தைக் கடித்தவர்களுக்கு இந்த நாற்பது ரூபாயின் அருமை தெரியும்.

பெட்டியை ஸ்கேனரில் போட்டு எடுத்துக்கொண்டு உள்ளே போகலாம். ஆளுக்கு ஒரு பெரிய பெட்டி என்றால் சிரமம் இல்லை. மூன்று பெட்டி, ஒரு அட்டைப்பெட்டி, கைக்குழந்தை என்றால் டாக்சி பிடியுங்கள். கோயம்பேடு, வடபழனி, அண்ணா நகர் பக்கத்திலிருந்து வருபவர்கள் பச்சை வழித்தடத்தில் ஏறி ஆலந்தூரில் மாற வேண்டும். அங்கே தளம் மாற வேண்டியிருக்கும், லிப்ட் இருக்கிறது. மெட்ரோ ஓடுவது காலை ஐந்து மணியிலிருந்து இரவு பதினொரு மணி வரை. விடிகாலை ஆறு மணி விமானத்துக்கு மெட்ரோவை நம்ப முடியாது.

விமான நிலைய மெட்ரோவில் இறங்கியதும் மேலேயே நடைபாலம் இருக்கிறது. ஒரு பக்கம் டி-1, மறு பக்கம் டி-2, டி-4. பலகையைப் பார்த்துத் திரும்புங்கள், சாலையைக் கடக்க வேண்டிய வேலையே இல்லை.

மெட்ரோ நாப்பது ரூபா, மின்சார ரயில் பத்து ரூபாதானே? அதுல வந்தா என்ன?

தாராளமாக வரலாம். நான் அப்படித்தான் போகிறேன், ஆனால் எனக்கு அது ஒரே ஒரு நிலையம். கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டு தடத்தில் திரிசூலம் வருகிறது. சாதாரண வண்டியில் எழும்பூரிலிருந்தோ மாம்பலத்திலிருந்தோ வந்தால் பத்து ரூபாயைத் தாண்டாது. குளிர்சாதன ரயிலுக்குக் கட்டணம் கூடுதல். ஸ்டேஷனிலிருந்து வெளியே வந்து ஜிஎஸ்டி சாலையைச் சுரங்கப்பாதையில் கடந்துகொள்ளுங்கள். மேலே சாலையில் குதித்துக் கடப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். விமானம் ஏற அவசரப்பட்டு மேலோகத்துக்கு டிக்கெட் வாங்காதீர்கள்.

காலை எட்டரையிலிருந்து பத்து வரையும், மாலை ஐந்தரையிலிருந்து எட்டு வரையும் பெட்டியோடு மின்சார ரயிலில் ஏறுவது உங்களுக்கும் கஷ்டம், ஆபீஸ் போகிறவர்களுக்கும் கஷ்டம். தென்மாவட்ட விரைவு ரயில்கள் திரிசூலத்தில் நிற்காது. ஊரிலிருந்து ரயிலில் வந்து விமானம் ஏறுகிறவர்கள் எழும்பூர் வரை போய்த் திரும்பி வராமல் தாம்பரத்திலேயே இறங்குங்கள். அங்கிருந்து சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், அடுத்தது திரிசூலம். கால் மணி நேரம்.

இறங்கி வெளியே வந்துட்டேன், ஆப்ல கார் புக் பண்ணேன், டிரைவர் "மேலே வாங்க"ங்கிறார். எந்த மேலே?

ஆப் வழியாகப் பதிவு செய்த கார்கள் முனையத்தின் வாசலுக்கு வருவதில்லை. எதிரே பன்னடுக்கு வாகன நிறுத்தம் இருக்கிறது, சினிமா தியேட்டரும் கடைகளும் உள்ள கட்டடம். அங்கே போய்த்தான் ஏற வேண்டும். அதிலும் கிழக்கு, மேற்கு என்று இரண்டு பகுதிகள். ஓட்டுநரிடம் எந்தப் பகுதி, எத்தனையாவது தளம் என்று இரண்டையும் கேளுங்கள். நடக்க முடியாதவர்களுக்கு மின்கல வண்டி ஓடுகிறது, ஆனால் அதற்கும் வரிசை உண்டு. பதிவு செய்துவிட்டு நடக்க ஆரம்பித்தால் அதற்குள் காத்திருப்புக் கட்டணம் ஓட ஆரம்பிக்கும். நடந்து போய் நின்றபின் பதிவு செய்யுங்கள்.

வயதானவர்களோடு வந்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் முன்பணம் கட்டும் ப்ரீபெய்டு டாக்சியே மேல் என்பேன். கவுண்டரில் காசு, கையில் ரசீது, தொகையில் தகராறு இல்லை. வாசலில் வந்து "சார் டாக்சி, மேடம் டாக்சி" என்று பெட்டியில் கை வைப்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள். எங்கள் வீட்டுக்கு வந்த ஒருவர் அப்படி ஏறி, ஒரே ஸ்டேஷன் தூரத்துக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் கொடுத்துவிட்டு வந்து நின்றார்.

ராத்திரி ரெண்டு மணிக்குத் தரையிறங்குது. பொம்பளப் புள்ள தனியா வருது. என்ன செய்ய?

அந்த நேரத்தில் மெட்ரோ கிடையாது. மின்சார ரயில் அதிகாலை நாலு மணிக்கு மேல்தான். ஆனால் முனையத்துக்கு உள்ளேயும் வாசலிலும் ராத்திரி இரண்டு மணிதான் பகல். வெளிச்சமும் கூட்டமும் மத்திய தொழில் பாதுகாப்புப் படைக் காவலர்களும் இருப்பார்கள். பெட்டி எடுத்து, சுங்கம் தாண்டி வரவே மூன்று மணி ஆகிவிடும். பெரிய பெட்டி இல்லாவிட்டால், ஒரு காபியைக் குடித்துவிட்டு வருகைப் பகுதியில் உட்கார்ந்திருந்து ஐந்து மணி மெட்ரோவைப் பிடிப்பது நல்ல யோசனை.

உடனே கிளம்ப வேண்டும் என்றால் முன் பதிலில் சொன்ன ப்ரீபெய்டு. வண்டி எண்ணைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இருப்பிடத்தையும் பகிர்ந்துவிட்டு ஏறச் சொல்லுங்கள். அவசரத்துக்கு 112. எக்காரணம் கொண்டும் ஜிஎஸ்டி சாலைக்கு நடந்து போய் ஓடுகிற வண்டியை மறிக்க வேண்டாம்.

இறங்கினதும் நேரா ஊருக்குப் பஸ் பிடிக்கணும். கோயம்பேடு போகணுமா?

தெற்கே போகிறவர்களுக்குக் கோயம்பேடு காலம் முடிந்தது. 2023 டிசம்பர் 30 அன்று திறந்த கிளாம்பாக்கம் பேருந்து முனையத்திலிருந்துதான் திருச்சி, மதுரை, நெல்லை, தஞ்சை பக்கத்து அரசுப் பேருந்துகள் கிளம்புகின்றன. உங்களுக்கு இது லாபம்தான். கிளாம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து அதே ஜிஎஸ்டி சாலையில் வண்டலூர் தாண்டி, நகருக்கு எதிர்த்திசையில் இருக்கிறது. ஜிஎஸ்டி சாலையில் தாம்பரம் பக்கம் போகும் நிறுத்தத்தில் நின்றால் கிளாம்பாக்கம் மாநகரப் பேருந்து வரும். நடைபாலத்திலோ சுரங்கப்பாதையிலோ சரியான பக்கத்துக்கு வந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

மெட்ரோவை விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை நீட்டும் திட்டம் இருக்கிறது. அது ஓட ஆரம்பிக்கும் வரை பஸ், இல்லையென்றால் டாக்சி. ஆந்திரா, திருப்பதி பக்கம் போகிறவர்களுக்கு மாதவரம். வேலூர் மருத்துவமனைக்குப் போகிறவர்கள் பஸ்ஸைத் தேடாமல் மெட்ரோவில் சென்ட்ரல் போய்க் காட்பாடி ரயிலைப் பிடியுங்கள்.

தஞ்சாவூர் போகணும். சிங்கப்பூர்லேர்ந்து சென்னை வந்து போறதா, திருச்சியா?

திருச்சி. இதில் யோசிக்கவே எதுவும் இல்லை. ஐந்தாறு ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று சென்னைக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, டாக்சி, பஸ், நடுவழி ஹோட்டல், ஒரு ராத்திரித் தூக்கம் எல்லாவற்றையும் கூட்டினால் மிச்சம் ஒன்றும் தேறாது. திருச்சியில் 2024 ஜனவரியில் புது முனையமும் திறந்தாகிவிட்டது. கோலாலம்பூர், சிங்கப்பூர், வளைகுடா விமானங்கள் அங்கே நேராக வருகின்றன. மதுரைக்குக் கொழும்பு, துபாய் தொடர்பும், கோவைக்குச் சிங்கப்பூர், ஷார்ஜா தொடர்பும் உண்டு. உங்கள் ஊருக்கு நாலு மணி நேரத்துக்குள் வேறு விமான நிலையம் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். எனக்கு விருந்தாளி குறைவார்கள் என்பதற்காகச் சொல்லவில்லை.

துபாய்லேர்ந்து சென்னை, அங்கேர்ந்து மதுரை. பெட்டி நேரா மதுரைக்குப் போயிடுமா?

ஒரே டிக்கெட்டாக இருந்தாலும் பெட்டியைச் சென்னையில் எடுத்தாக வேண்டும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாட்டுக்குள் முதலில் கால் வைக்கும் இடத்தில் குடிநுழைவும் சுங்கமும் முடித்து, பெட்டியை மறுபடி உள்நாட்டு விமானத்துக்கு ஒப்படைக்க வேண்டும். பிறகு டி-2விலிருந்து டி-1க்கோ டி-4க்கோ மாற வேண்டும் (இரண்டாவது கேள்வியைப் பாருங்கள்). இரண்டும் நடக்கும் தூரம்தான். இதற்கெல்லாம் மூன்று மணி நேர இடைவெளி வேண்டும்.

இரண்டு டிக்கெட்டையும் தனித்தனியாக எடுத்தவர்கள் இன்னும் ஜாக்கிரதை. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் இரண்டாவது நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. அந்த நிலையில் நாலு ஐந்து மணி நேரம் விட்டு எடுங்கள். எடைக்கணக்கும் வேறு. துபாயிலிருந்து முப்பது கிலோ கொண்டுவந்தவருக்கு உள்நாட்டில் பதினைந்துதான் என்று சொன்னதும் டி-1 தரையில் பெட்டியைத் திறந்து பேரீச்சம்பழத்தைப் பங்கு போட்டதை நேரில் பார்த்திருக்கிறேன்.

தேங்காய், ஊறுகாய், சூடம் எல்லாம் கட்டிக் கொடுத்துட்டாங்க அம்மா. எதை விடுவான், எதைப் பிடுங்குவான்?

சூடம் கூடவே கூடாது. எளிதில் தீப்பற்றும் பொருள், கைப்பையிலும் பெட்டியிலும் தடை. தீப்பெட்டி, லைட்டரையும் வீட்டிலேயே விடுங்கள். கொப்பரையும் அப்படித்தான், எண்ணெய்ப் பசையால் தீப்பிடிக்கும் என்பதால் இரண்டிலுமே மறுக்கிறார்கள். முழுத் தேங்காயைக் கைப்பையில் விடமாட்டார்கள். சபரிமலைக்கு மாலை போட்டவர்களின் இருமுடித் தேங்காய்க்கு மட்டும் மண்டல, மகரவிளக்குக் காலத்தில் சிறப்பு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். 2025 ஜனவரி 20 வரை என்று நாள் குறித்து வந்த உத்தரவு அப்படிப்பட்டது. ஒவ்வொரு சீசனும் அது புதிதாக வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஊறுகாய், தொக்கு, நெய், நல்லெண்ணெய், இட்லி மாவு எல்லாவற்றையும் நன்றாகக் கட்டி, ஒப்படைக்கும் பெட்டியில் வையுங்கள். கைப்பையில் திரவம் 100 மில்லிக்கு மேல் போகாது, அதிகாரி பார்வையில் தொக்கும் திரவம்தான். பவர் பேங்க் இதற்கு நேர்மாறு: கைப்பையில் மட்டும், பெட்டியில் கூடாது.

முக்கியமானதைக் கடைசியில் சொல்கிறேன், மறக்காமல் இருக்கட்டும். குருமாவுக்குப் போடும் கசகசாவை வளைகுடாவுக்குக் கொண்டு போகவே போகாதீர்கள். ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவுதியிலும் அது போதைப்பொருள் கணக்கில் வரும், ஜெயில்தான். சிங்கப்பூரிலும் தடை. மசாலாப் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் அத்தைகளிடம் இதை இரண்டு தடவை சொல்லுங்கள். அடுத்தவர் "இதை மட்டும் கொண்டு போய்க் கொடுத்துடுப்பா" என்று தரும் பார்சலைப் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். அவர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

பாஸ்போர்ட்டுல ஒரே பேர்தான் இருக்கு, குடும்பப் பேர் கட்டம் காலி. டிக்கெட்டுல என்ன போடறது?

நம் ஊர்க்காரர்களுக்கே உரிய தலைவலி இது. நமக்கு அப்பா பெயரின் முதலெழுத்துதான் இனிஷியல், விமான நிறுவனத்தின் கட்டத்துக்கோ இரண்டு பெயர் வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகள் மாறாமல் இருக்க வேண்டும் என்பது முதல் விதி. ஒரே பெயர் என்றால் சில நிறுவனங்கள் அதையே இரண்டு கட்டத்திலும் போடச் சொல்கின்றன, வேறு சில வேறு மாதிரி. டிக்கெட் எடுக்கும் முன் அந்த நிறுவனத்திடம் கேட்டுக்கொண்டு போடுங்கள். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிவாக இருந்தால் டிக்கெட்டிலும் விரிவாகவே வர வேண்டும்.

அமீரகத்துக்குச் சுற்றுலா விசாவில் போகிறவர்கள் கூடுதல் கவனம். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டை ஏற்பதில்லை என்று 2022 நவம்பரில் அறிவித்தார்கள். பிறகு, பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் ஏற்பதாகத் தளர்த்தினார்கள். அடிக்கடி போகிறவராக இருந்தால் பாஸ்போர்ட்டிலேயே பெயரைப் பிரித்துப் போட்டு வாங்கிவிடுவது நிரந்தரத் தீர்வு.

பாஸ்போர்ட்டுல ஈசிஆர்னு இருக்குங்கிறாங்க. மகாபலிபுரம் ரோடா?

சிரிக்காமல் பதில் சொல்கிறேன். இது கிழக்குக் கடற்கரைச் சாலை இல்லை. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பெரும்பாலும் இருக்கும் குறிப்பு, வேலைக்குப் போக அனுமதி பெற வேண்டியவர் என்று அர்த்தம். வளைகுடா நாடுகள், மலேசியா உட்படச் சில நாடுகளுக்கு வேலை விசாவில் போகும்போது அரசின் இ-மைக்ரேட் தளம் வழியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். அது இல்லாமல் குடிநுழைவில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். "டூரிஸ்ட் விசாவுல போய் அங்கே மாத்திக்கலாம்" என்று ஏஜெண்ட் சொன்னால் அந்த ஏஜெண்டை மாற்றுங்கள்.

அம்மா முதல் தடவை தனியா போறாங்க, பேத்தியைப் பார்க்க. இங்கிலீஷ் தெரியாது. சமாளிப்பாங்களா?

சமாளிப்பார்கள். மாதத்துக்கு இரண்டு அம்மாக்களையாவது நான் வாசல் வரை கொண்டு விடுகிறேன், எல்லாரும் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டு வையுங்கள். நடக்கத் தெரிந்தவருக்கு எதற்கு என்று கூச்சப்பட வேண்டாம். முழங்கால் வலியோடு அவ்வளவு தூரம் நடப்பது எளிதல்ல, கூட வரும் உதவியாளர் வழியும் காட்டுவார். டிக்கெட் இல்லாத நாம் வாசலோடு நின்றுவிட வேண்டும் என்பதால், செக்-இன் கவுண்டர் வரை வண்டி தள்ளக் கை இருப்பது பெரிய ஆறுதல்.

ஒரு தாளில் மகன் வீட்டு முகவரி, போன் எண், எத்தனை நாள் தங்குகிறார், மருந்துகளின் பெயர் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதி, பாஸ்போர்ட்டோடு தோளில் மாட்டும் சின்னப் பையில் போட்டுவிடுங்கள். மருந்துகளும் மருந்துச் சீட்டும் கைப்பையில்தான். சிங்கப்பூர், மலேசியா என்றால் வருகை அட்டையைக் கிளம்புவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நீங்களே நிரப்பிவிடுங்கள். இரண்டுமே இலவசம், காசு கேட்கும் தளம் போலி. நடுவில் விமானம் மாறும் பயணம் ஐயாயிரம் குறைவாக இருந்தாலும் முதல் தடவைக்கு நேரடி விமானமே எடுங்கள்.

வரும்போது கழுத்துல போட்டிருக்கிற நகைக்கும் வரி கேப்பாங்களா?

ஊரிலிருந்து போட்டுக்கொண்டு போன பழைய நகையையே திரும்பப் போட்டு வருவதற்கு வரி இல்லை. ஆனால் அது பழையது என்று காட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு. கனமான நகையோடு போகிறவர்கள் கிளம்பும்போதே சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கி வைத்துக்கொண்டால் திரும்பும்போது பேச்சே இல்லை.

வெளிநாட்டில் ஓராண்டுக்கு மேல் இருந்துவிட்டு வரும் பெண்களுக்கு 40 கிராம், ஆண்களுக்கு 20 கிராம் வரை நகைக்குச் சலுகை உண்டு. நகைக்கு மட்டும்தான். நாணயமும் பிஸ்கட்டும் இதில் சேராது. ஒரு வாரம் துபாய் சுற்றிவிட்டு வருபவருக்கு இது கிடையாது. வரம்பை மீறியிருந்தால் சிவப்பு வழியில் போய் நீங்களே சொல்லி வரி கட்டுங்கள். பச்சை வழியில் போய்ப் பிடிபட்டால் நகையும் போகும், மானமும் போகும்.

முகத்தைக் காட்டினாலே கதவு திறக்குதாமே? எனக்கும் திறக்குமா?

இரண்டு வேறு ஏற்பாடுகளைச் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். உள்நாட்டுப் பயணத்துக்கு டிஜி யாத்ரா என்ற ஆப். போனில் ஆதாரை இணைத்து, ஒவ்வொரு பயணத்துக்கும் போர்டிங் பாஸை ஏற்ற வேண்டும். கட்டாயம் இல்லை, அடையாள அட்டையைக் காட்டும் பழைய வழி எப்போதும் திறந்திருக்கும். வெளிநாட்டுப் பயணத்துக்கு அது உதவாது.

வெளிநாடு போய் வருகிறவர்களுக்கு, விரைவுக் குடிநுழைவுத் திட்டம் 2025 ஜனவரியில் சென்னைக்கும் வந்தது. இந்தியக் குடிமக்களும் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கானது) வைத்திருப்பவர்களும் இணையத்தில் விண்ணப்பித்து, கைரேகையைப் பதிந்துவிட்டால் தானியங்கிக் கதவு வழியே போகலாம். ஆண்டுக்கு இரண்டு தடவையாவது பறப்பவர் என்றால் செய்துவிடுங்கள்.

டிசம்பர்ல டிக்கெட் எடுக்கலாமா? மழையில ரன்வே மூழ்கிடும்னு சொல்றாங்களே.

அடையாறு ஆறு இந்த விமான நிலைய வளாகத்துக்குள்ளேயே ஓடுகிறது. இரண்டாவது ஓடுபாதையை ஆற்றின் மேல் பாலம் கட்டித்தான் நீட்டியிருக்கிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் விமான நிலையம் பல நாள் மூடிக்கிடந்தது, அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து விமானம் விட்டார்கள். எங்கள் தெருவில் அப்போது இடுப்பளவு தண்ணீர். 2023 டிசம்பர் 4இல் மிக்ஜாம் புயலுக்கு மூடி மறுநாள் காலை திறந்தார்கள். 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயலுக்கு மதியம் மூடி மறுநாள் விடியலுக்கு முன் திறந்தார்கள். ஆண்டு முழுக்க நடப்பது இல்லை, ஆனால் நடந்தால் ஒரு நாள் போய்விடும். நவம்பர், டிசம்பரில் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் முகூர்த்தத்துக்கு முதல் நாள் இறங்குவது போல எடுக்காதீர்கள்.

விமானத்தையே ரத்து செய்தால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டு. புயல் காரணம் என்றால் அதற்கு மேல் இழப்பீடு கிடைக்காது. இன்னொரு நாளையும் குறித்துக்கொள்ளுங்கள்: போகி. விடிகாலையில் ஊரே பழைய பாயைக் கொளுத்த, மார்கழிப் பனியோடு புகை சேர்ந்து ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாது. 2018 போகியன்று பல விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. அன்றைக்குக் காலை பத்து மணிக்கு மேல் உள்ள விமானமே நல்லது. எங்கள் தெருவில் பாய் எரிப்பவர்களிடம் சொல்லிப் பார்த்தாயிற்று, கேட்பதில்லை.

யாழ்ப்பாணத்துக்கு இங்கேர்ந்து நேரா போகலாமாமே?

போகலாம். யாழ்ப்பாணத்து விமான நிலையம் இருக்கும் பலாலிக்கு 2019 நவம்பரில் தொடங்கி, கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டது. 2024 செப்டம்பரிலிருந்து இரண்டாவது நிறுவனமும் ஓட்டுகிறது. சின்ன விமானம், ஒன்றரை மணி நேரத்துக்குள் பயணம். தூரம் குறைவு என்றாலும் இது பன்னாட்டுப் பயணம்: டி-2, மூன்று மணி நேரம், பாஸ்போர்ட், நுழைவு அனுமதி எல்லாம் உண்டு. எடை வரம்பைப் பார்த்துவிட்டுப் புடவை வாங்குங்கள்.

பரந்தூர் வந்துட்டா மீனம்பாக்கத்தை மூடிடுவாங்களா? வீடு வாங்கலாம்னு இருக்கேன்.

காஞ்சிபுரம் பக்கத்துப் பரந்தூரில் சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் என்று 2022 ஆகஸ்டில் அறிவித்தார்கள், 2025இல் மத்திய அரசின் கொள்கை அளவிலான ஒப்புதலும் கிடைத்தது. அந்தத் திட்டப் பகுதியில் உள்ள ஏகனாபுரம் கிராம மக்கள் நிலத்தையும் ஏரியையும் விட மாட்டோம் என்று தொடர்ந்து போராடி வருகிறார்கள். திட்டப்படியே மீனம்பாக்கத்தை மூடும் பேச்சு இல்லை, இரண்டும் ஓடும் என்பதுதான் சொல்லப்படுவது. காஞ்சிபுரம் பக்கம் ரியல் எஸ்டேட் விளம்பரத்தில் "ஏர்போர்ட்டிலிருந்து பத்தே நிமிடம்" என்று போட்டிருந்தால், எந்த ஏர்போர்ட் என்று கேளுங்கள்.

அக்கா, காலையில ஆறு மணி ஃப்ளைட். முதல் நாள் ராத்திரி உங்க வீட்டுல தங்கிக்கலாமா?

தங்கலாம், இதற்குத்தானே இவ்வளவும். இரவு பத்து மணிக்குள் வந்துவிடுங்கள், பல்லாவரம் ஸ்டேஷனில் இறங்கியதும் போன் செய்தால் தம்பி வண்டியோடு வருவான். குளியலறை ஒன்றுதான், உள்நாடு என்றால் மூன்றே காலுக்கும் வெளிநாடு என்றால் இரண்டே காலுக்கும் எழுப்பிவிடுவேன். மெட்ரோ அந்த நேரத்தில் இல்லை என்று மேலேயே சொல்லிவிட்டேன், தெருமுனை ஆட்டோக்காரரிடம் முந்தின நாளே சொல்லி வைக்க வேண்டும். பேசிக்கொண்டிருக்கும்போது திடீரென்று வாயை மூடிக்கொண்டு மேலே பார்த்தால் தப்பாக நினைக்காதீர்கள். விமானம் தாண்டிப் போனதும் விட்ட இடத்திலிருந்து பேசுவோம்.